அந்த வார்த்தையச் சொல்லாதீக

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் சாயங்கால பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவரை உட்காரவைக்க வந்த கண்டக்டர், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா" என்றார். ஓரத்தில் இருந்த அம்மாளின் வலது கையில் கட்டு. தலைமுடியெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி.

"நகரச் சொல்லுங்க, நகருறேன். அந்த வார்த்தையச் சொல்லாதீக."

"எந்த வார்த்தம்மா?"

"அட்ஜஸ்ட். எங்க கம்பெனி ரூம் செவுத்துல நாலு பேருக்கு மேல உக்காரக்கூடாதுன்னு எழுதியிருக்கு. போர்மேன் ஏழு பேர உக்காரவச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்பாரு. ஆபீசர் வந்தா மூணு பேரு தூக்குச்சட்டியோட கருவேல முள்ளுக்குள்ள போயி ஒளியணும். அதுவும் அட்ஜஸ்ட்தான். போன வாரம் மருந்து பத்திக் கை வெந்துபோச்சு. ஆஸ்பத்திரியில வீட்டு அடுப்புல வெந்ததுன்னு அட்ஜஸ்ட் பண்ணிச் சொல்லிருன்னாரு. சீசனாம், கட்டோட வேலைக்கும் வரணுமாம்."

பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "அதுக்குத் தமிழ்ல என்ன மதினி?"

"வாய மூடிட்டுச் சாவுன்னு அர்த்தம். தமிழ்ல சொன்னா அவுகளுக்கே கூசும். அதான் இங்கிலீசுல சொல்லுதாக."

கண்டக்டர் முன்னால் போய்விட்டார்.

ஆமத்தூரில் பத்துப் பேர் ஏற வந்தார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்த கண்டக்டர், திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு படியில் கையைக் குறுக்கே வைத்தார்.

"இடமில்ல. அடுத்த வண்டியில வாங்க."