ஃப்ளாப்பியில் ஏறாத ஃபைல்

ஃப்ளாப்பியை வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது, சார். கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். இந்த ஊரில் யாருக்குச் சொன்னாலும் விளங்காது; எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருத்தர் இதன்மேல் டீ கிளாஸையே வைத்தார்.

பாலக்கோடு பக்கத்தில் கம்ப்யூட்டர் இருந்த ஒரே ஆஸ்பத்திரி எங்களுடையது. அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் பெட்டி எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் சனிக்கிழமைதோறும் ஃபைல்களை ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து வைப்பேன். ஃப்ளாப்பி பெங்களூரிலிருந்து வர வேண்டும். டாக்டரோ எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். எல்லாவற்றுக்கும் இடம் போதாது. எதை எடுப்பது, எதை விடுவது என்பது என் முடிவு. சந்தையில் சொத்தைத் தக்காளியைக் கழிக்கிறவனை யாரும் பிடித்து வைத்து விசாரிப்பதில்லை.

சம்பளக் கணக்கை எடுத்தேன். மருந்து இருப்பை எடுத்தேன். டாக்டர் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் விலாசங்களை எடுத்தேன். நர்ஸ் ராஜமேரியின் ஃபைலை விட்டேன்.

பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாத நோயாளிகளின் பெயர்கள் அதில் இருந்தன. முன்பெல்லாம் அந்தம்மா நோயாளியின் அட்டையில் சிவப்பு மையால் குறி போட்டு வைப்பார். கம்ப்யூட்டர் வந்த பிறகு அட்டை எதற்கு, எடைக்குப் போடுங்கள் என்று சொன்னது நான்தான். அவரே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினார். வயது, ‘முப்பதோ முப்பத்தஞ்சோ’. ஊர், ‘பாப்பாரப்பட்டிக்கு அந்தாண்ட’. இதெல்லாம் ஒரு விவரமா? அதிலே மூன்று மாதம்மாள்கள் வேறு. போதாததற்கு, நான் இரண்டு பெயர்களைத் தப்பாக அடித்ததை டாக்டர் முன்னால் சொல்லிக் காட்டியவர் அவர்.

ஆடி மாதம் பெட்டி படுத்தது. சேலத்து ஆள் வந்து புது டிஸ்க் மாட்டினார். நான் ஃப்ளாப்பியில் இருந்ததைத் திரும்ப ஏற்றினேன். “பிலவேந்திரன் இருக்கிற வரைக்கும் நமக்கு ஒண்ணும் போகாது” என்று டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். ராஜமேரியும் கை தட்டினார். அந்த நேரத்தில் போய், உங்கள் ஃபைல் மட்டும் போய்விட்டது என்று அந்தம்மாவிடம் நான் தலை குனிய வேண்டுமா?

மறுவாரம் மாதம்மாளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். காய்ச்சலில் சுயநினைவு இல்லை. புருஷன் ஓசூரில் வேலைக்குப் போயிருந்தான். கூட வந்த மாமியாருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்ற விவரம் தெரியாது.

ராஜமேரி ஊசியும் கையுமாக வந்து கேட்டார். “தம்பி, மாதம்மா பேரு பொட்டியில இருக்குதா பாருங்க. வூட்டுக்காரரு கருப்பண்ணன்.”

தட்டினேன். ஃபைலே இல்லை என்று திரையில் வந்தது. கருப்பண்ணன் பெண்சாதி மாதம்மாள் எனக்கு நன்றாக நினைவிருந்தாள். மூன்று மாதம்மாள்களில் முதலில் இருந்தவள் அவள்தான்.

“இல்லைங்க சிஸ்டர்” என்றேன்.

பென்சிலின் ஊசி போட்ட கால் மணி நேரத்தில் அவளுக்கு மூச்சு நின்றது. என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று ராஜமேரி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் மறுக்கவில்லை.

ஊசி போட்டால் அவள் செத்துப்போவாள் என்று தெரிந்துதான் சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள். அந்தம்மா கேட்டது பெயர் இருக்கிறதா என்று. ஃபைல் இருக்கிறதா என்று கேட்டிருந்தால், உண்மையைச் சொல்லியிருப்பேன்.