ஃபாங்ஜி வேர்

காய்ந்த வேரை வில்லை வில்லையாக நறுக்கிவிட்டால் எது எந்தச் செடி என்று சொல்வது சிரமம். செங்கல்பட்டுக் கல்லூரி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் தாவரவியல் நடத்திவரும் எனக்கே சிரமம்தான், இன்ஸ்பெக்டர்.

தொண்ணூற்றாறில் முட்டுக்காட்டுப் பக்கம் சீன மருந்துக் கடை ஒன்று வந்தது. மூட்டுவலிக்கான ஃபாங்ஜி வேர் இன்ன செடியுடையது என்று அவர்களுக்கு ஒரு சான்று தேவைப்பட்டது. கையில் எடுத்துப் பார்த்தேன், முகர்ந்தேன், விஷமில்லாத ஸ்டெஃபானியா கொடி என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்கள். உங்களிடம் புகார் கொடுத்த கல்பாக்கம் ராகவன், என் பெயரைப் பார்த்துத்தான் மனைவிக்கு வாங்கியிருக்கிறார்.

மூன்று மாதம் கழித்து அதே வேரைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தேன். பட்டைக்குள் கல் செல்கள் வளையமாக நின்றன. ஸ்டெஃபானியா அல்ல. நம்மூர் ஆடுதின்னாப்பாளையின் சீனத்து உறவு. அது சிறுநீரகத்தை அழிப்பதாக வெளிநாட்டு ஆய்விதழ்களில் வந்துகொண்டிருந்த நேரம்.

கடைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். ஆனால் எங்கேயோ அச்சானதை நம்பி ஊரைக் கலவரப்படுத்துவது பொறுப்பாகாது. முதலில் நானே உறுதி செய்துகொள்ள நினைத்தேன்.

ஆய்வகத்தைப் பெருக்கும் சின்னப்பொண்ணுக்கு முட்டிவலி. தினமும் காலையில் நானே அந்த வேரைக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தேன். ஐந்தாம் மாதம் ஒருநாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"சார், முட்டி வலி கொறஞ்சிகீது. மூஞ்சிதான் ஊதிக்கினே போவுது. நிறுத்திடட்டா?"

"பாதியில விட்டா பலன் இருக்காதும்மா. இன்னும் மூணு மாசம்தான்."

"நீங்க சொன்னா சரி சார்."

வீக்கம், வாந்தி, வெளிறிய நகம் எல்லாவற்றையும் தேதியோடு குறித்துவைத்தேன். எட்டாம் மாதம் ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அடுத்த தையில் இறந்தாள்.

அதன் பிறகாவது சான்றைத் திருத்தினேனா என்பீர்கள். அவளுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்தது. ஒருத்தியை வைத்து முடிவு சொல்வது அறிவியல் ஆகாது.

நீங்கள் சிறுநீரகம் கெட்டுப்போன ராகவன் மனைவியைப் பற்றிக் கேட்கத்தான் வந்தீர்கள். சின்னப்பொண்ணு பெயர் உங்கள் காகிதத்தில் இல்லை. ஆனால் மதியம் ஆளில்லாத ஆய்வகத்தில் துடைப்பம் இழுபடும் சத்தம் கேட்கிறது. மூன்று இழுப்பு, பிறகு மூச்சு வாங்க ஒரு நிறுத்தம். கதவைத் திறந்தால் தரை சுத்தமாக இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவள் மகள் கீர்த்தனாவுக்கு அந்த வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அம்மா கடசி வரிக்கும் உங்களத்தான் சார் சொல்லிக்கினு இருந்துச்சு. பெத்தவங்ககூட இப்டி மருந்து காச்சிக் குடுக்கலியாம்."

டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினேன். தாயை இழந்த பெண்ணின் மனதை நோகடிக்க என்னால் முடியாது.