இடது கை நகங்கள்

ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கிளம்பிய ஃபெரிப் படகில், எனக்கு முன்னிருக்கையில் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

“எங்க வீட்டுக்காரரு இடது கை நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கிறாருக்கா. விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கு. சனிக்கிழமையானா காடிய ஓட்டிக்கிட்டு எங்கயோ போயிடுறாரு. கேட்டா ‘சும்மாலா’ங்குறாரு. என்னமோ இருக்கு.”

மூத்தவள் தன் இடது கையை விரித்தாள். “தொட்டுப் பாரு. இப்படியா?”

தொட்டவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். “ஒங்களுக்கு எப்படிக்கா?”

“கித்தார். அம்பது வயசுல ஆரம்பிச்சேன். நகம் இருந்தா கம்பிய அழுத்த வராது. அழுத்தி அழுத்தி விரலும் இப்படி ஆயிரும். மெல்லிசுக் கம்பியா மாட்டிக்கிட்டு, தினம் கொஞ்ச நேரம் வாசிக்கச் சொல்லு. வலி போயிரும்.”

“கித்தார்னா ஏன் ஒளிக்கணும்?”

“ஆரம்பத்துல சத்தம் கேவலமா இருக்கும்லா. நானும் காடிக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள ஒக்காந்துதான் வாசிச்சேன். யாராச்சும் சிரிச்சிருந்தா அன்னைக்கே விட்டிருப்பேன்.”

இளையவள் விடவில்லை. “சரி, யாருக்கு வாசிச்சுக் காட்டவாம்?”

“அவரையே கேளேன்.”

இளையவள் கைபேசியை எடுத்துக் கணவரை அழைத்தாள். “ஏங்க, அந்தக் கித்தாரை வீட்டுக்கே கொண்டாங்க. நான் சிரிக்க மாட்டேன்.”

அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டுவிட்டு மூத்தவளிடம் திரும்பினாள்.

“‘ஒனக்கு யாரு சொன்னது?’ன்னு இப்ப என்னையே சந்தேகப்படுறாருக்கா!”