அறுபத்து மூன்றாவது வேலை

உங்கள் விசாரணை அறை நாற்காலி வசதியாக இருக்கிறது, சார். எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பராமரிப்பு அதிகாரியின் நாற்காலியைப் பராமரிக்கத்தான் ஆள் கிடையாது.

போன வருடம் முதலாளி செயற்கை நுண்ணறிவை வாங்கிப் போட்டார். பழைய பழுதுகளையெல்லாம் படித்துவிட்டு, எந்த இயந்திரத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று தினமும் காலையில் வரிசை போட்டுத் தரும். டீ கேட்காது, லீவு கேட்காது. பன்னிரண்டு வருடக் கேஸ்களை அதற்கு ஊட்டியவன் நான்.

அவற்றில் நூற்றுப் பதினெட்டு, பாய்லர் ஃபிட்டர் கொடுத்த புகார்கள். அவர் என் தங்கையின் கணவர். பாய்லரைத் தாண்டி நடக்கும்போதே 'இது சரியில்லை' என்பார், சரியில்லாமல்தான் இருக்கும். வீட்டிலும் அதே கதை. குழாய் ஒழுகினால் என் அம்மா மாப்பிள்ளையைத்தான் கூப்பிடச் சொல்வார், அதுவும் என்னிடமே. எரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. திடீர்ப் பழுது என்று எழுதினால் முதலாளி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் ஃபிட்டரின் புகாரை 'பழுது இல்லை' என்று முடித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து 'வழக்கமான சர்வீஸ்' என்று வேறு தாளில் எழுதி அதையே சரிசெய்துவிடுவேன். எல்லோருக்கும் நல்ல பெயர், அவரைத் தவிர.

கணினி சமத்து. நூற்றுப் பதினெட்டுப் புகார், ஒன்றில்கூடப் பழுது இல்லை. இந்த ஆள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்று தானாகவே கற்றுக்கொண்டது. திருத்தியிருக்கலாம். மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் என் அறைக்கு வந்தார்.

"மச்சான், பாய்லர் சேஃப்டி வால்வு இறுகிப்போச்சு. ஆவி ஏறினா வெளியே போக வழியில்லை. உடனே நிறுத்தணும்."

புகாரைக் கணினியில் பதிந்தேன். அன்றைய அறுபத்து நான்கு வேலைகளில் அதற்கு அறுபத்து மூன்றாவது இடம். கடைசி இடம் கழிவறைத் தாழ்ப்பாளுக்கு.

"பழைய கேஸெல்லாம் பார்த்துட்டுத்தான் சொல்லுது மாப்பிள்ளை. நம்மளவிட அதுக்கு விவரம் ஜாஸ்தி."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடலாம்."

உண்மைதான். என் உத்தரவில்லாமல் பாய்லரை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. 'வரிசையை மாற்றவா?' என்று திரை கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

"சரி, நான் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறேன்" என்றார். பொறுப்பான மனிதர். பதினொன்றே காலுக்கு வெடித்தது.

தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். "கம்ப்யூட்டரை நம்பி அவரைப் பறிகொடுத்துட்டோமே அண்ணா" என்றாள். நானும் அதைத் திட்டித் தீர்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அது பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

நீங்களும் கணினியைத்தான் குடைகிறீர்கள். அது பாவம் சார், நான் எழுதியதை நம்பியது. நான் நம்பவில்லை. வால்வு இறுகிவிட்டது என்று அவர் சொன்னால் இறுகித்தான் இருக்கும். அதனால்தான் பாய்லர் சுவரை ஒட்டியிருந்த என் மேசையை அன்று காலையே எதிர்க் கட்டடத்துக்கு மாற்றினேன். வெளிச்சம் போதவில்லை என்று சொன்னேன். ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் அவர் பிடித்தார். கொண்டுபோய் வைத்ததும் மேசையை ஒரு தரம் துடைத்துக் கொடுத்துவிட்டு, பாய்லருக்குத் திரும்பிப் போனார்.