மாடியில் கிடைத்த வேலை

சிங்காநல்லூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் அம்மா. போலியோவில் கால்கள் சூம்பிப்போன அவருடைய வாலிப மகன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த பெண்ணிடம் அந்த அம்மா சொன்னார்:

“பையனுக்கு வேலை கெடச்சதுல என் வேலை போயிருச்சுங்க.”

“அதென்னங்க அப்படி?”

“மோட்டாருக்குக் காயில் சுத்தறானுங்க. நல்லாச் சுத்தறான்னு மொதலாளியே சொல்றாருங்க. ஆனா மேசை மாடியில இருக்குது. காத்தால முதுகுல தூக்கீட்டு ஏறோணும், பொழுதோட எறக்கோணும். நடுவுல ஒண்ணுக்குப் போறதுன்னாலும் நாந்தானுங்க. அப்பறம் எங்கீங்க நான் மில்லுக்குப் போறது?”

“கீழயே ஒரு மேசை போடச் சொல்றதுதானுங்க?”

“கேக்காம இருப்பனுங்களா? கீழ எடமில்லீங்களாமா, பூரா மெசினு. அத்தனை கனத்தை மாடிக்கு யாரம்மா தூக்கறதுன்னு என்னையவே கேக்கறாங்க.”