ஆடி மாதத்து ஹனிமூன்

எனக்கு எழுபத்தோரு வயது. பெற்று வளர்த்தது ஆறு பிள்ளைகள். இப்போது கண் மங்கிவிட்டது; எழுதியதைப் பேத்தி தேவிதான் வாசித்துக் காட்டுகிறாள். ஓர் ஆடி முதல் தேதி, சிவாஜிநகரிலிருந்து ஆனேக்கலுக்கு பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் புதுத் தாலிச் சரடோடு ஒரு பெண், பக்கத்தில் புருஷன், காலடியில் அவளுடைய டிரங்குப் பெட்டி. ஆடிக்கு அவளைத் தாய் வீட்டில் விடப் போகிறான்.

"ஹனிமூன்னா என்னன்னு சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

"எங்க ஆபீஸ் துரை சொன்னாரு, சரோஜா. ஹனின்னா தேனு, மூன்னா நிலா. கல்யாணமான மொத மாசம் தேனா இனிக்கும், அப்புறம் நிலா மாதிரி தேயும். அதனாலதான் வெள்ளைக்காரன் அந்தப் பேரு வச்சானாம்."

"நமக்கு மொத மாசமே முடியலை. நந்தி மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னீங்க. உங்கம்மா ஆடின்னதும் பெட்டியைத் தூக்கிட்டீங்களே!"

"மெல்லப் பேசு. ஆவணியில போலாம்."

"எதுக்கு, தேஞ்சு போனதைப் பார்க்கவா?"

ஆனேக்கல் வந்தது. அவன் பெட்டியோடு எழுந்தான். அவள் அசையவில்லை. கண்டக்டர், "இறங்கும்மா" என்றார்.

"இந்த பஸ் திரும்பிப் போகுமில்ல? சிவாஜிநகருக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க. ஏங்க, உட்காருங்க. உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

தேவி, நான் எழுதியதை ஒரு தரம் வாசி கண்ணு. ரெண்டு டிக்கெட் என்றுதானே இருக்கிறது?