பிள்ளையாரைச் சுற்றிக் கருகிய புல்

தன் காலில் ஒட்டிய களைக்கொல்லி மருந்தால் தன் புல்தரையைத் தானே கருக்கிக்கொண்ட ஒருவர், அந்தப் பழியைத் தன் தோட்டக்காரன் மேல் போட்டு, அவன் செய்வினை வைத்தான் என்று எழுதிக் கொடுத்து, நேற்றிலிருந்து அவனைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறார். நடந்த தவறு இதுதான். பெயரும் வயதும் முதலில் வர வேண்டும் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். தவறுதான் முதலில் வர வேண்டும் என்று நான் சொன்னேன். அதனால் இது முதலில் எழுதப்பட்டிருக்கிறது.

என் பெயர் தருமன். தகப்பனார் பெயர் பலராமன், காலமாகிவிட்டார். எனக்கு வயது எழுபத்தொன்று. கீழ்பென்னாத்தூர் பக்கம் சொந்த நிலத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிரிட்டு வந்தேன். இப்போது ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையிலிருந்து பிரியும் தெருவில் என் மகள் வீட்டில் இருக்கிறேன். நான்காம் வகுப்புவரை பள்ளிக்கூடம் போனேன். அதற்குமேல் படித்தது எல்லாம் நானாகப் படித்தது. மருந்து கேனோடு மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடாமல் படிப்பேன். அதில் தமிழிலும் அச்சடித்திருக்கிறார்கள். படிக்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில் ராஜமாணிக்கம் என்பவர் தங்கும் விடுதி நடத்துகிறார். இரண்டுக்கும் இடையில் இடுப்பளவு சுவர்தான். ராஜமாணிக்கம் சென்னையில் டைல்ஸ் வியாபாரம் செய்தவர், மன அமைதி தேடி இந்த ஊருக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர். விடுதியின் ஒரு பக்கம் அறைகள், எதிர்ப்பக்கம் புல்தரை, நடுவில் கேட்டிலிருந்து உள்ளே போகும் கார் பாதை. பாதையில் ஜல்லி கொட்டியிருக்கிறது. புல்தரையின் மத்தியில் ஒரு கல் பிள்ளையார் உண்டு. அறையிலிருந்து பிள்ளையாரிடம் போக வேண்டுமானால் பாதையைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டடத்தின் பின்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். கேட்டில் 'நஞ்சில்லா உணவு, நஞ்சில்லா வாழ்வு' என்று பலகை மாட்டியிருக்கிறார். இந்தப் பலகை பின்னால் நடந்ததற்குக் காரணம் என்பதால் சொல்கிறேன்.

சென்ற ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, அதாவது 2002ஆம் ஆண்டின் கடைசியில், பாதையில் கோரையும் நெருஞ்சியும் அறுகும் மண்டிவிட்டன, புல்தரையிலும் நெருஞ்சி படர்ந்தது. அங்கே தங்குகிறவர்கள், மலையைச் செருப்பில்லாமல் சுற்ற வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கழிப்பறைக்குக்கூடச் செருப்பில்லாமலே போகிறவர்கள். அவர்கள் காலில் நெருஞ்சி முள் ஏறியது. தோட்டக்காரன் வேடியப்பனும் அவன் மனைவி எல்லம்மாளும் குனிந்து கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வேகம் போதவில்லை என்று ராஜமாணிக்கம் சுவருக்கு அருகில் வந்து என்னிடம் யோசனை கேட்டார். பாதைக்கு ஒரு மருந்து, புல்தரைக்கு வேறு மருந்து, இரண்டும் ஒன்றல்ல என்று சொன்னேன். அதன் பிறகு என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு உரக்கடைக்குப் போனார்.

கடையில் நான் விளக்கமாகவே சொன்னேன். புல்தரைக்கு வாங்க வேண்டியது புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடியை மட்டும் கொல்லும் மருந்து, நெல் வயலில் அடிக்கிற வகை, நெருஞ்சிக்கு அது கேட்கும். பாதைக்கு வாங்க வேண்டியது பச்சையாக எது இருந்தாலும் வேரோடு கொல்லும் மருந்து, அது ஒரு சொட்டு புல்தரையில் பட்டாலும் அந்த இடம் செத்துவிடும். கடைக்காரரும் அதையேதான் சொன்னார். ராஜமாணிக்கம் இரண்டு கேன்களையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "எது ஜாஸ்தி வேலை செய்யும்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் கொல்வது இது என்று கடைக்காரர் காட்டினார். "அப்ப அது ஒண்ணே போதும், ரெண்டு எடத்துக்கும் அடிச்சிக்கலாம்" என்றார். புல்லும் செத்துப்போகும் என்று நான் சொன்னதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்: "களைக்கொல்லின்னுதானே பெரியவரே போட்டிருக்கு? எம் புல்லு களையா? பெங்களூர்லேர்ந்து வரவழைச்சு நட்டது."

மருந்துக்கு, எது பெங்களூரிலிருந்து வந்தது எது தானாக முளைத்தது என்று பார்த்துக் கொல்லத் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. அவர் நட்டிருப்பதே அறுகின் ஒரு ஜாதிதான். எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் அதைக் களை என்று கொத்தி வரப்பில் எறிவோம். இதையும் அங்கேயே சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. அந்த ஒரு கேனை மட்டும் வாங்கிக்கொண்டு, வேங்கிக்கால் பக்கம் வேலை இருக்கிறது என்று சொல்லி என்னைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் பஸ்ஸில் வந்தேன்.

அதன் பிறகு வேடியப்பன் அந்தக் கேனைச் சுவரோரம் கொண்டுவந்து என்னிடம் காட்டி, இதைப் புல்தரையிலும் அடிக்கச் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டான். புல்தரைப் பக்கம் கொண்டுபோகாதே, பாதையில் மட்டும் அடி, ஓரத்தில் தகரத்தை மறைவாகப் பிடித்துக்கொண்டு அடி, புல்தரை நெருஞ்சியைக் கையாலேயே எடு என்று சொன்னேன். வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு அடிக்கும்படியும் சொன்னேன். அவன் அப்படியே செய்ய நினைத்தான். தங்கியிருப்பவர்கள் எழுந்து வந்து மருந்து அடிப்பதைப் பார்த்தால் பலகையில் எழுதியிருப்பது என்னாவது என்று சொல்லி, விடிவதற்குள் அடித்து முடிக்க வேண்டும் என்று ராஜமாணிக்கம் உத்தரவு போட்டுவிட்டார். மார்கழி மாதம், பனி சொட்டிக்கொண்டிருந்தது. அடித்த மருந்து காயவே இல்லை.

அன்று காலையில் நான் எங்கள் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்ததால் நடந்ததை நேரில் பார்த்தேன், காதாலும் கேட்டேன். வேடியப்பன் பாதை முழுவதும் அடித்து முடித்துப் பம்ப்பை இறக்கி வைத்தான். அப்போது ராஜமாணிக்கம் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு, வெறுங்காலில், பிள்ளையாரைச் சுற்றுவதற்காக வெளியே வந்தார். மார்கழியில் தினமும் அவர்தான் முதலில் சுற்றுவார், அவர் சுற்றி முடிக்கும்வரை வேறு யாரும் புல்தரையில் கால் வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வேடியப்பன் குறுக்கே போய் நின்று, "ஐயா, இப்பத்தான் மருந்து அடிச்சேன், ஈரமா இருக்குது. பின்பக்கமா சுத்திக்கினு போயிடுங்க" என்று சொன்னான்.

அதற்கு ராஜமாணிக்கம், "சாமி கும்புடப் போறவன் எந்த வழியா போவணும்னு நீ சொல்றியா? நவுரு" என்றார். சொல்லிவிட்டுப் பாதையின் நடுவில் இறங்கி, மருந்து சொட்டிக்கொண்டிருந்த கோரையை மிதித்துக்கொண்டு நடந்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, காலையாவது கழுவிவிட்டுப் புல்லில் ஏறும்படி சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்து, "இப்பத்தானே பெரியவரே குளிச்சிட்டு வரேன்" என்றார்.

அதன் பிறகு அவர் புல்தரையில் ஏறி, பிள்ளையாருக்கு எதிரில் நின்று தோப்புக்கரணம் போட்டு, பிறகு மூன்று முறை வலம் வந்து, பின்பக்க வழியாக அறைக்குப் போனார். வேடியப்பன் என்னைப் பார்த்தான். நான் மொண்ட தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

அந்த மருந்து அடித்த அன்றே வேலை செய்யாது. இலை வழியாக இறங்கி வேருக்குப் போன பிறகுதான் மஞ்சள் தட்டும். ஒரு வாரத்துக்குமேல் ஆன பிறகு புல்தரையில் பிள்ளையாரைச் சுற்றி ஒரு வட்டம் பழுத்தது, பிறகு கருகியது. இதைப் பார்த்துத் தங்கியிருந்தவர்களில் ஒரு குடும்பம் அன்றே அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ராஜமாணிக்கம் செங்கம் பக்கத்திலிருந்து செய்வினை எடுக்கிற ஒருவரை வரவழைத்தார். வந்தவர் எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பார்த்து, மண்ணில் கை வைத்துப் பிழைக்கிறவன் வைத்த வினை என்று சொன்னார். தோட்டக்காரனைத் தவிர மண்ணில் கை வைக்கிறவர் அந்த விடுதியில் வேறு யார்? இதைச் சொல்வதற்குச் செங்கத்திலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

அதன் பிறகுதான் ராஜமாணிக்கம் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். வேடியப்பன் கெட்ட எண்ணத்தோடு மாந்திரீக வட்டம் போட்டு மருந்து ஊற்றியதாகவும், அதற்குத் தூண்டுதல் அடுத்த வீட்டுத் தருமன் என்றும் அதில் எழுதியிருக்கிறது. நான் தூண்டினேன் என்பது உண்மைதான். புல்தரையில் அந்த மருந்தை அடிக்காதே என்று தூண்டினேன். அவர் பேச்சைக் கேட்டு அடித்திருந்தால் ஒரு வட்டம் மட்டும் கருகியிருக்காது, பிள்ளையார் வெறும் மண்ணில் உட்கார்ந்திருப்பார்.

வட்டத்தை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தும், ராஜமாணிக்கம் ஊரில் இல்லாத நேரத்தில் எல்லம்மாளோடு உள்ளே போயும் பார்த்தேன். அனுமதி இல்லாமல் போனேன் என்று எழுதிக்கொள்ளலாம். அது வட்டம் அல்ல, காலடி. பாதையின் ஓரத்திலிருந்து காலடிகள் வரிசையாகப் புல்லில் ஏறுகின்றன. முதல் சுற்றுக் காலடி நன்றாகக் கருகியிருக்கிறது, அடுத்த சுற்று அதைவிடக் கம்மி, அதற்கடுத்தது மஞ்சள் மட்டும். காலில் இருந்த மருந்து புல்லில் துடைத்துக்கொண்டே போனதால் அப்படி. பிள்ளையாருக்கு எதிரில் மட்டும் இரண்டு பாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சுற்றுவதற்கு முன்பே அங்கே தோப்புக்கரணம் போட்டுப் போட்டு அழுத்தியதால் அந்த இடத்தில் புல் வேரோடு போய்விட்டது. செய்வினை வைக்க வந்தவன் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டா போவான் என்று உதவி ஆய்வாளரைக் கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிரித்ததையும் எழுத வேண்டும் என்று சொன்னேன். எழுதவில்லை. பிறகு எழுதினார்.

நேரில் வந்து பார்க்கும்படி நேற்றே கேட்டேன். ஒரு புல்லைப் பார்க்க ஜீப் எடுக்க முடியாது என்று சொன்னார்கள். ஒரு புல்லுக்காக ஆளைப் பிடித்துவர ஜீப் எடுத்திருக்கிறார்கள்.

வேடியப்பன் இங்கே உட்கார்ந்திருக்கும் செய்தி சாலை முழுவதும் பரவிவிட்டது. அவன் இன்னும் இரண்டு விடுதிகளில் செடிக்குத் தண்ணீர் விடுகிறவன். இரண்டு இடத்திலும், செய்வினைக்காரன் கேட்டுக்குள் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்று காலையில் எல்லம்மாள் தெருக்குழாய்க்குப் போனபோது அங்கிருந்த பெண்கள் தங்கள் குடங்களை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். அவள் குடத்தை வெறுமையாக எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்து, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். "அந்தாளு ஒரு தடவ, அது எங் காலுதான்னு சொன்னா போதும் பெரிப்பா" என்று என்னிடம் சொன்னாள். அவர் சொல்ல மாட்டார். சொல்ல வைக்க வேண்டும்.

நாளைக் காலையில் அந்த வட்டத்தைக் கொத்தி எடுத்துவிட்டு, பெங்களூரிலிருந்து வந்த புதுப் புல்லைப் பதிக்க ஆள் சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. காலடி போய்விட்டால் மிஞ்சுவது அவர் எழுதிக் கொடுத்த புகார் மட்டும்தான். ஆகவே கீழ்க்கண்டவை நடக்க வேண்டும்.

உதவி ஆய்வாளர் இன்று பொழுது இறங்குவதற்குள் நேரில் வந்து புல்தரையைப் பார்க்க வேண்டும். ஜீப் இல்லாவிட்டால் என் மருமகனின் சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம்.

அவர் பார்த்து முடிக்கும்வரை அந்த இடத்தில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று ராஜமாணிக்கத்துக்கு நிலையத்திலிருந்து சொல்ல வேண்டும்.

உரக்கடைக்காரரை அழைத்து, ராஜமாணிக்கம் எந்த மருந்து வாங்கினார், அவரிடம் என்ன சொல்லி விற்கப்பட்டது என்று கேட்டு எழுத வேண்டும்.

செய்வினை எடுப்பவர், தான் எந்த எலுமிச்சம்பழத்தில் இதைக் கண்டார் என்று நிலையத்துக்கு வந்து சொல்ல வேண்டும்.

புகாரிலிருந்து என் பெயரை நீக்க வேண்டியதில்லை. தூண்டியது என்ன என்பதைப் பக்கத்தில் எழுதினால் போதும்.

வேடியப்பனை இன்றே அனுப்ப வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது. பிடித்துவந்த காவலரே அவனைக் கூட்டிக்கொண்டு, அதே சாலை வழியாக, எல்லோரும் பார்க்கும்படி, தெருக்குழாய்வரை போய் விட்டுவர வேண்டும்.

ராஜமாணிக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, வேடியப்பனும் எல்லம்மாளும் தங்கியிருப்பவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளையாருக்கு எதிரில் கருகியிருக்கும் அந்த இரண்டு பாதங்களின் மேல் தன் பாதங்களை வைத்து நிற்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் என்னைப் பிடித்து உள்ளே போடலாம்.

மேலே எழுதியிருப்பது நான் கண்டதும் கேட்டதும்தான், இதில் கூட்டியோ குறைத்தோ ஒரு சொல்லும் இல்லை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது என்று போட வேண்டாம், நானே படித்தேன். சாட்சியின் வாக்குமூலத்தில் கையொப்பம் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். எனக்குத் தேவை.

(ஒப்பம்)
ப. தருமன்
11.1.2003